எரிமலைக்குள் ஒரு மாப்பிள்ளை

ஒரு படம் நன்றாக இருக்கிறது, பாருங்கள் என்று சொன்னால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி, "கதை என்ன?" நடிகர் யார், பாட்டு எப்படி என்பதெல்லாம் பிறகு. கதையை இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். உங்களை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஒப்படைக்கலாமா என்பதைக் கேட்பவர் அந்த இரண்டு வரியில் முடிவு செய்துவிடுவார். இந்தத் தேர்வில் நிச்சயமாகத் தோற்கிற ஒரு படத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம். 1990இல் வந்த ‘ஜோ வெர்சஸ் தி வால்கேனோ’. டாம் ஹாங்க்ஸும் மெக் ரையனும் நடித்த காதல் நகைச்சுவைப் படம். இதுவரை சொன்னதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. வினை கதையில்தான்.

மூளைக்குள் மேகம் படர்ந்து ஐந்தாறு மாதத்தில் சாகப்போகிற ஒருவனிடம் ஒரு கோடீஸ்வரர் வருகிறார். "எப்படியும் சாகத்தானே போகிறாய், பசிபிக் கடலில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே போய் எரிமலைக்குள் குதித்துவிடேன், எனக்குக் கொஞ்சம் வியாபாரம் ஆகும்" என்கிறார். அவனும் சரி என்கிறான்.

இதை என் மச்சினனிடம் சொன்னேன்.

"மாமா, லவ் ஸ்டோரின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"ஹீரோயின் எப்ப வர்றாங்க?"

"மூணு தடவ வர்றா. மூணு பேரும் வேற வேற ஆளு. நடிச்சது ஒருத்திதான்."

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது பிரஷர் செக் பண்ணினீர்கள் என்று விசாரித்தான்.

அலுவலக நண்பர் ஒருவர் இதைவிட முறையாக அணுகினார். சோகப் படமா என்றார். இல்லை, காமெடி என்றேன். அப்படியானால் கடைசியில் குதிக்கமாட்டான் என்று அவரே முடிவு கட்டினார். குதிப்பான் என்றேன். குதித்தால் எப்படி காமெடி என்றார். எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. என் மனைவி மட்டும் என் பேச்சை மதித்து உட்கார்ந்தாள். ஆனால் முதல் இருபது நிமிடம் கதாநாயகனின் அலுவலகத்தில் நடக்கிறது. "உங்க ஆபீஸ் கதையத்தான் தினமும் சொல்றீங்களே, இத எதுக்கு இங்கிலீஷ்ல வேற பாக்கணும்?" என்று எழுந்து மாவு அரைக்கப் போய்விட்டாள்.

அவள் எழுந்துபோன அந்த இருபது நிமிடத்துக்காக நான் இந்தப் படத்தைக் கோயில் கட்டிக் கும்பிடுவேன். அமெரிக்கன் பானஸ்கோப் என்ற கம்பெனி. மலக்குடலைச் சோதிக்கும் கருவி செய்கிறார்கள், அந்தப் பெருமையை வாசலில் போர்டாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் கோணல் மாணலான பாதை வழியாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆலைக்குள் போகிறது. ஜோவின் ஷூவில் அடித்தோல் பிய்ந்துகொண்டு வருகிறது. உள்ளே விளம்பரப் பிரிவில் கேட்லாக் அனுப்பும் வேலை. ஜன்னல் கிடையாது. ட்யூப்லைட் ரீங்காரம் போடுகிறது. காப்பி என்ற பெயரில் கட்டிகட்டியாக ஒரு திரவம். தொப்பி மாட்டும் ஸ்டாண்டில் தொப்பியை மாட்டினால் ஸ்டாண்டே சாய்கிறது. மேலதிகாரி வட்டூரி போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருக்கிறார்: அவனுக்கு அந்த வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலையை அவன் செய்வானா? எதிர்முனை ஏதோ சொல்கிறது. மறுபடியும் அதே வாக்கியம். மறுபடியும். டான் ஹெடாயா என்ற நடிகர் இதை முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் செய்திருக்கிறார். அரசாங்க அலுவலகத்திலோ தனியாரிலோ பத்து வருஷம் குப்பை கொட்டிய எவரும் இந்தக் காட்சியில் சிரிக்க மாட்டார்கள். எழுந்து நின்று ஆமாம் சார் என்பார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் என் தலைக்கு மேலே ஒரு ட்யூப்லைட் இருந்தது. சோக் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட்டர் என்றார். ஸ்டார்ட்டர் மாற்றிய பிறகு சோக் என்றார். சோக் வாங்க இண்டென்ட் போட வேண்டும், இண்டென்டில் கையெழுத்துப் போடுகிறவர் லீவ். அவர் லீவ் முடிந்து வருவதற்குள் எனக்கு அந்தத் துடிப்பு பழகி, வீட்டில் நிதானமாக எரியும் விளக்கைப் பார்த்தால் தலை வலிக்க ஆரம்பித்தது. ஜோவும் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் வீட்டிலிருந்து ஒரு அலங்கார விளக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறான். வட்டூரி பதறிப்போகிறார். அலுவலகத்தில் மனிதன் சந்தோஷமாக இருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்பதை உலகமெங்கும் எல்லா மேலதிகாரிகளுக்கும் யாரோ ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜோ ஒரு காலத்தில் தீயணைப்புப் படையில் வீரனாக இருந்தவன். அந்த வேலையை விட்டதிலிருந்து உடம்பில் எப்போதும் ஏதோ சரியில்லை. மாற்றி மாற்றி டாக்டரிடம் போகிறான். கடைசியில் டாக்டர் எலிசன் என்று ஒருவர் கண்டுபிடித்துவிடுகிறார். மூளையின் நடுவே கறுப்பு மூட்டம். வலிக்காது, வேறு அறிகுறியும் இருக்காது. ஒரு நாள் சட்டென்று நின்றுபோகும். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தமிழ் ரசிகனுக்கு ஒரு சாதகம் உண்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குப் பரம்பரையாகத் தெரியும். 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வந்ததிலிருந்து நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் காதலைக் கற்றோம். 1982இல் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று ஒரே வருஷத்தில் இரண்டு படத்தில் கதாநாயகர்களுக்கு உயிர்க்கொல்லி நோய் வந்து, கர்ச்சீப் வியாபாரம் நன்றாக நடந்தது. நோய் வந்தால் நம் கதாநாயகன் முதலில் செய்வது காதலியை விட்டு விலகுவது. குடிகாரனாக, பொம்பளைப் பொறுக்கியாக வேஷம் போட்டு அவள் மனதைத் திருப்பப் பார்ப்பான். பிறகு மேடையேறிப் பாடுவான். ஜோ இதில் எதையும் செய்யவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தெருவுக்கு வருகிறான். எதிரே வந்த ஒரு பெரிய நாயைக் கட்டிக்கொள்கிறான். நேராக அலுவலகம் போய் வட்டூரியிடம் வேலையை விட்டுவிட்டேன் என்கிறான். வாரம் 300 டாலருக்கு என் உயிரை விற்றேனே என்று அந்த விளக்குகளின் கீழே நின்று அவன் பேசுகிற பேச்சு, நம்மில் பலர் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருப்பதுதான். ஈஎம்ஐ முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.

போகிறபோக்கில், அதே அலுவலகத்தில் வேலை பார்த்தும் அதுவரை தான் பேசத் துணியாத டீடீயை ராத்திரி சாப்பிட வருகிறாயா என்று கூப்பிடுகிறான். அவள் வருகிறாள். இவள்தான் முதல் மெக் ரையன். கறுப்புத் தலை, எப்போதும் மூக்கை உறிஞ்சுகிற பெண். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தான் சாகப்போகிற விஷயத்தை அவன் சொல்ல, அவள் பயந்து போய்விடுகிறாள். மறுநாள் காலையில் கைத்தடியோடு அந்தக் கோடீஸ்வரர் கிரேனமோர் வருகிறார். அவர் வியாபாரத்துக்கு ‘புபாரு’ என்று ஒரு கனிமம் வேண்டும். அது வபோனி வூ தீவில் இருக்கிறது. எரிமலைக்குத் தன் மனதார உயிரைக் கொடுக்க ஒருவன் கிடைத்தால் தீவுக்காரர்கள் தோண்டிக்கொள்ள விடுவார்கள். கிரேனமோர் பை நிறையக் கிரெடிட் கார்டுகளை எடுத்து மேஜையில் பரப்புகிறார். ராஜா மாதிரி வாழ்ந்துகொள், பிறகு போய்க் குதி.

எழுதி இயக்கியவர் ஜான் பாட்ரிக் ஷான்லி. ‘மூன்ஸ்ட்ரக்’ படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கிய கையோடு, இனி நானே இயக்குகிறேன் என்று கிளம்பி எடுத்த முதல் படம் இது. விமர்சகர்களில் பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ரோஜர் ஈபர்ட் மட்டும் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இப்படியொரு படத்தைத் தான் இதற்குமுன் பார்த்ததே இல்லை என்று உறைத்ததாக எழுதினார். ஷான்லி அடுத்த படத்தை இயக்கியது 2008இல், ‘டவுட்’. இடையில் 18 வருஷம். வபோனி வூவில் யாரும் நிஜமாகக் குதிக்கவில்லை, குதித்தவர் இயக்குநர்தான் என்று நான் சொல்வதுண்டு. படம் பார்க்காதவர்களிடம் சொல்வதால் இந்த ஜோக்கும் எடுபடுவதில்லை.

கார்டுகளோடு ஜோ நியூயார்க்கில் கடை கடையாக ஏறி இறங்குவது படத்தில் பெரிய சுகம். வாடகைக் காரின் டிரைவர் மார்ஷலாக ஆசி டேவிஸ் வருகிறார். என்ன உடை வாங்கலாம், சொல்லுங்கள் என்று ஜோ கேட்கிறான். நீ யார் என்று எனக்கு எப்படித் தெரியும், அதை என்னிடம் கேட்காதே என்று மார்ஷல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பிறகு மனமிரங்கி அழைத்துப்போகிறார். பகலெல்லாம் கூடவே சுற்றியவரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறான் ஜோ. எனக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மார்ஷல் போய்விடுகிறார். பட்டைக் காலர் கோட்டு, நட்சத்திர ஓட்டல், எதிரே காலி நாற்காலி. காதல் படத்தில் தனிமையைக் காட்ட மழையும் சோகப்பாட்டும் வைப்பார்கள். இதில் ஒரு கிளாஸ் மதுவை வைத்துக்கொண்டு ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

பெட்டிக் கடையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பயணப்பெட்டி விற்கிற மனிதர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். விமானம், பிறகு பாய்மரக் கப்பல், பிறகு பெயர் கேள்விப்படாத தீவு என்கிறான் ஜோ. பெட்டிக்காரரின் முகம் கர்ப்பக்கிரகத்துத் திரை விலகியதுபோல ஒளிர்கிறது. வாழ்க்கை முழுவதும் இப்படியொரு வாடிக்கையாளனுக்காகவே காத்திருந்தவர் அவர். கையால் செய்த, தண்ணீர் புகாத, ஆள் உயர டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார். ஜோ நான்கு எடுத்துக்கொள்கிறான். பெட்டிக்காரராக நடித்தவர் பாரி மெக்கவர்ன். சாமுவேல் பெக்கெட்டின் நாடகங்களில் பேர் பெற்ற அயர்லாந்து நடிகர். பெட்டி விற்கப் பெக்கெட் நடிகரைக் கூப்பிட்ட ஷான்லியின் குறும்பை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். நம் வீடுகளில் கல்யாணத்துக்குச் சூட்கேஸ் வாங்கப் போனால் கடைக்காரர் சக்கரத்தை மட்டும் உருட்டிக் காட்டுவார்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டாவது மெக் ரையன். கிரேனமோரின் மகள் ஏஞ்சலிகா, செம்பட்டைத் தலை, அப்பா காசில் கலைஞராக இருப்பவள். தான் எழுதிய கவிதையைச் சொல்லிக் காட்டுவாள். கேட்டவன் திகைத்து நிற்க, இன்னொரு தரம் சொல்லட்டுமா என்பாள். (எழுத்தாளர்கள் இந்தக் காட்சியைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டாம்.) ஒரே அப்பா, வேறு அம்மா என்ற வகையில் அவளுக்குச் சகோதரியான பாட்ரீஷியாதான் மூன்றாவது ஆள். பொன்னிறத் தலை, ‘ட்வீடில்டீ’ என்ற கப்பலின் கேப்டன். அப்பா காசை வேண்டாம் என்று ஒதுக்கியவள், இந்தக் கப்பலுக்கு ஆசைப்பட்டு அவர் சொன்ன வேலைக்குச் சம்மதித்துவிட்டு அதனால் தன்மேலேயே கோபமாக இருப்பவள்.

இரட்டை வேடம் நமக்குப் புதிதில்லை. இதே 1990 தீபாவளிக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ வந்து கமல் நான்கு பேராக நின்றார். நம் படங்களில் ஒரே முகம் பல ஆளாக வந்தால் ஆள்மாறாட்டம் நடக்க வேண்டும், யாராவது கன்னத்தில் அறை வாங்க வேண்டும். ஷான்லியின் படத்தில் மூன்று பேர் ஒரே முகம் என்பதை யாரும் ரொம்பக் கண்டுகொள்வதில்லை. உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று ஜோ சொல்வதோடு சரி. நான் புரிந்துகொண்டது இது: அவன் எந்த அளவுக்கு உயிரோடு இருக்கிறானோ அந்த அளவுக்குத்தான் எதிரே இருப்பவளும் அவனுக்குத் தெரிகிறாள். பாதி செத்தவனாக இருந்தபோது சளிபிடித்த டீடீ. பணமும் புதுக்கோட்டும் வந்தபோது பகட்டான ஏஞ்சலிகா. பேராசையும் பயமும் அடங்கி, பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்தும் நிம்மதியாக நிற்கும்போது பாட்ரீஷியா. மற்றக் காதல் படங்களில் பெண் கிடைத்ததும் வாழ்க்கை துளிர்க்கும். ஜோ முதலில் வாழ்க்கையைக் காதலிக்கிறான், பெண் பிறகு வருகிறாள். ஹாங்க்ஸும் ரையனும் சேர்ந்து நடித்த முதல் படம் இது. 1993இல் ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’, 1998இல் ‘யூ ஹேவ் காட் மெயில்’ என்று அடுத்து வந்த இரண்டும் ஓடு ஓடென்று ஓடின. அவற்றில் எரிமலை கிடையாது.

நடுக்கடலில் புயல். மின்னல் இறங்குகிறது. ஆலைக்குப் போகும் பாதையும் கம்பெனியின் சின்னமும் ஜோ வீட்டுச் சுவர் விரிசலும் ஒரே கோணல் வடிவம். மின்னலும் அதே வடிவம். கப்பல் மூழ்கிப்போகிறது. மயங்கிக்கிடக்கும் பாட்ரீஷியாவோடு தண்ணீரில் தத்தளிக்கும்போது நான்கு பெட்டிகளும் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வருகின்றன. தண்ணீர் புகாது என்று அந்த மகராசன் சொன்னது பொய்யில்லை. பெட்டிகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி நாள்கணக்கில் மிதக்கிறார்கள். இருக்கிற குடிநீரை மூடி மூடியாக அவள் வாயில் விடுகிறான், தான் குடிப்பதில்லை. தாகத்தில் புத்தி பேதலித்து, பெட்டிக்குள் வாங்கிவைத்த ரேடியோவைப் போட்டு ஆடுகிறான். ஒரு ராத்திரி வானத்தை அடைத்துக்கொண்டு நிலா எழும்புகிறது. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் எழுந்து, கையை விரித்து, என் உயிருக்கு நன்றி என்கிறான். அதுவரை நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த என் முகம் இங்கே ஒவ்வொரு தடவையும் கோணிப்போகும். பக்கத்தில் ஆள் இருந்தால் கண்ணாடி துடைப்பேன்.

தீவுக்கு வந்ததும் படம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அந்தத் தீவுக்காரர்கள் முன்னொரு காலத்தில் வழிதவறி வந்த ரோமானியக் கப்பலின் வாரிசுகளும் கலந்தவர்களாம். ஆரஞ்சு சோடா என்றால் உயிர். காலி டின்களை நகையாக மாட்டிக்கொள்கிறார்கள். கோல்ட் ஸ்பாட் குடித்து வளர்ந்த என் வயதுக்காரர்களால் அவர்களை முற்றாகக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஜனக்கூட்டத்தையே கேலிச்சித்திரமாக்கிவிட்டு, கடைசியில் அவர்கள் தீவு மூழ்கும்போது படம் கைகழுவிக்கொண்டு நகர்வது எனக்கு ஒப்பவில்லை. ‘காட்ஃபாதர்’ படத்தின் டெசியோ, ஏப் விகோடா, தலைவராக வந்து தன் வாடிப்போன முகத்தோடு மானத்தைக் காப்பாற்றுகிறார்.

இந்தப் படத்துக்கு நான் தேடிய ரசிகர் கடைசியில் எதிர்பாராத இடத்தில் கிடைத்தார். என் மாமியார். பண்ருட்டிப் பக்கத்து மனுஷி, இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம், சீரியல் வருவதற்கு நேரமிருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்தார். எரிமலை விஷயம் வந்ததும் மற்றவர்களைப்போல என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

"நம்ம அரவான் கததான் மாப்ள இது."

பொறி தட்டியது எனக்கு. கூவாகம் கூத்தாண்டவர் கோயில் அவர் ஊரிலிருந்து தூரமில்லை. அரவான் களப்பலிக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். பாரதப்போரில் ஜெயிக்க முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைப் பலிகொடுக்க வேண்டும். அரவான் சம்மதிக்கிறான். சாவதற்குமுன் கல்யாணம் ஆக வேண்டும் என்கிறான். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. ஜோவுக்கு முப்பத்திரண்டில் இரண்டு லட்சணம்கூடத் தேறாது, ஷூவே ஒழுங்கில்லை. ஆனாலும் எரிமலை விளிம்பில் அதே காட்சி. பாட்ரீஷியா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள் என்கிறாள். அரை நிமிஷம் என்னை நேசித்து மதித்து வைத்திருந்தால் போதும், அதற்கு என்ன கஷ்டம் என்கிறாள். தலைவர் அங்கேயே கல்யாணத்தை முடித்துவைக்கிறார். ஜோ குதிக்கப்போகும்போது நானும் வருகிறேன் என்று கையைப் பிடிக்கிறாள். இருவரும் குதிக்கிறார்கள்.

அத்தை மூச்சை இழுத்துப் பிடித்தார். எரிமலை ஏப்பம் விட்டு இருவரையும் கடலில் துப்பியதும், "சாமி ஏத்துக்கல, நல்லதாப் போச்சு" என்றார். பெட்டிகள் மறுபடியும் மிதந்து வந்தபோது அவற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மூளை மேக சமாச்சாரத்தை ஜோ அப்போதுதான் மனைவியிடம் சொல்கிறான். எந்த டாக்டர் என்கிறாள். எலிசன். அடப்பாவி, அந்த ஆள் எங்கப்பாவுக்கு மட்டும் வேலை பார்க்கிறவனாச்சே என்கிறாள். நோயும் இல்லை, மேகமும் இல்லை. எல்லாம் கிழவனின் ஏற்பாடு.

அத்தை யோசனையில் ஆழ்ந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடையில் ஒரு தடவை சீரியல் நேரமாகிவிட்டது என்று நினைவுபடுத்தினேன், கையை அசைத்து அடக்கினார்.

"அந்தக் கெழவன் பொண்ணத்தான இவன் கட்டியிருக்கான்?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப எரிமலைல தள்ளிவிட்டவன் இப்ப மாமனாரு."

"ஆமா."

"தலதீவாளிக்குக் கூப்புடுவானா மாப்ள?"

எனக்கு இத்தனை காலமாகத் தோன்றாத கேள்வி. கூப்பிடாமல் எப்படி இருப்பார், பெரிய மனிதர், ஊர் என்ன பேசும் என்றேன். அத்தை கொஞ்சம் சமாதானமாகி, டிவியை சீரியலுக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"போவட்டும். ஆனா அங்க எதக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத் திங்கச் சொல்லு."